உடற்கூறியலில் 59.3

ஜப்பானில் செண்டாய் என்றொரு ஊர். அங்கிருந்த மருத்துவப் பள்ளியின் 1905-ஆம் வருஷத்து முதலாண்டுத் தேர்வு முடிவை யாரோ புண்ணியவான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 142 பேரில் 68-ஆவது இடத்தில் சோ ஷூரென் என்ற சீனப் பையன். ஜெர்மன் 60. இயற்பியல் 60. வேதியியல் 60. இப்படி வரிசையாக மூன்று அறுபது வாங்கியவனைக் கண்டால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பாஸ் மார்க் எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு மேல் ஒரு சொட்டு விளக்கெண்ணெயைக்கூட வீணாக்காத உத்தமன். உடலியங்கியலில் 63.3, திசுவியலில் 72.7 என்று கொஞ்சம் தம் பிடித்து ஏறி, நீதிநெறிப் பாடத்தில் 83-இல் கொடி நாட்டிவிட்டு, உடற்கூறியலில் 59.3-க்கு வந்து குப்புற விழுந்திருக்கிறான்.

மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பையனுக்கு நன்றாகத் தெரிகிறது. மனிதனுக்குள்ளே எது எங்கே இருக்கிறது என்பதில்தான் குழப்பம். இந்த லட்சணத்தில் இருப்பவன் எழுத்தாளன் ஆகாமல் வேறு என்ன ஆவான்?

ஆனான். லூ ஷுன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு நவீனச் சீன இலக்கியத்துக்கே தகப்பனார் ஆனார். இன்று அவர் பெயரில் சிலை உண்டு, அருங்காட்சியகம் உண்டு, பரிசு உண்டு. சீனப் பள்ளிப் பிள்ளைகள் அவரை மனப்பாடம் செய்துவிட்டு மனசுக்குள் திட்டுவதும் உண்டு. அவ்வளவு பெரிய மனிதரைப் போய் 'அவன்', 'இவன்' என்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். 59.3 வாங்கியவனுக்கு 'அவர்' போட என் கை வரவில்லை. படிப்பை விட்டதும் மரியாதை கொடுத்துவிடுகிறேன்.

டாக்டராக வேண்டும் என்று இவனுக்கு ஏன் தோன்றியது என்றால், ஊர் வைத்தியர்களிடம் பட்ட பாடு. சொந்த ஊரான ஷாவ்ஷிங்கில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். வந்த வைத்தியர்கள் சாதாரண மருந்தை எழுதுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்கள். மூன்று வருஷம் பனியில் நனைந்த கரும்பு வேண்டும். ஒரு ஜோடி சில்வண்டு வேண்டும். அதுவும் ஒரே வளையில் குடித்தனம் நடத்துகிற, முதல் தாரத்து ஜோடியாக இருக்க வேண்டும். பூச்சிக்கு ஒழுக்கச் சான்றிதழ் யாரிடம் வாங்குவது? வீக்கம் முரசுபோல் இருந்ததால், கிழிந்த முரசின் தோலில் மாத்திரை செய்தும் கொடுத்தார்கள். முரசை முரசால் கிழிக்கிற சாஸ்திரம். 1896-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். பையனுக்குப் பதினைந்து வயது. சில்வண்டு தேடி அலைந்தவனுக்கு மேல்நாட்டு மருத்துவத்தின் மீது காதல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நடுவில் நான்ஜிங்கில் சுரங்கமும் ரயில்வேயும் படித்தான். அந்தப் படிப்பு அவனுக்கும் பயன்படவில்லை, சுரங்கத்துக்கும் பயன்படவில்லை. 1902-இல் அரசாங்க உதவித்தொகையில் டோக்கியோவுக்குக் கப்பல் ஏறினான்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவனுக்கு முதல் அதிர்ச்சி வெள்ளைக்காரனாலோ ஜப்பானியனாலோ வருவதில்லை. சொந்த ஊர்க்காரனால்தான் வரும். உவேனோ பூங்காவில் செர்ரி பூத்துக் குலுங்குகிறது. அதன் கீழே கூட்டங்கூட்டமாகச் சீன மாணவர்கள். சீனாவை ஆண்ட மஞ்சு ராஜா கட்டளைப்படி வளர்த்த ஜடையைத் தலையில் சுருட்டி வைத்து, மேலே மாணவர் தொப்பியைக் கவிழ்த்ததில், ஒவ்வொரு மண்டையும் ஃபூஜி மலையாக எழும்பி நிற்கிறது. சிலர் ஜடையைப் பிரித்து எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறார்கள். சாயங்காலம் சீன மாணவர் மன்றத்துப் பக்கம் போனால் ஒரு அறையில் தரை தடதடவென்று அதிர்கிறது. உள்ளேயிருந்து புழுதி கிளம்புகிறது. என்னவென்று விசாரித்தால், நடனம் பழகுகிறார்களாம். இவனோ 1903-லேயே ஜடையை வெட்டி எறிந்தவன். இந்தக் கூட்டமே இல்லாத ஊர் எது என்று பார்த்து, 1904 செப்டம்பரில் குளிர் மிகுந்த செண்டாய்க்குப் போனான். அந்த மருத்துவப் பள்ளியில் சீனன் இவன் ஒருவன்தான்.

ஒருவன் என்றால் மவுசுதான். நம் வீட்டுப் புழக்கடையில் ஆடு மேய்கிற முருங்கைக்கீரை, கடல் தாண்டிப் போனதும் பொடியாகிக் கண்ணாடிச் சீசாவில் ஏறி உட்கார்ந்துகொள்கிறதல்லவா, அப்படி. பள்ளியில் சம்பளம் வாங்கவில்லை. சாப்பாடு, ஜாகை பற்றியெல்லாம் ஊழியர்கள் கவலைப்பட்டார்கள். முதலில் தங்கியது சிறைச்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம். குளிர் ஆரம்பித்தும் கொசு போகவில்லை. உடம்பெல்லாம் போர்வை, தலைக்கு மேல் துணி, மூச்சுவிட இரண்டு மூக்குத்துவாரம் மட்டும் திறப்பு என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டு தூங்கினான். கொசு மூக்குத்துவாரத்தில் புக முடியாது, காற்று வந்து தள்ளிவிடும் என்பது அவன் செய்த ஆராய்ச்சி. அந்த வருஷத்தின் உருப்படியான ஆராய்ச்சி இதுவாகத்தான் இருக்கும். சாப்பாடும் நன்றாகவே இருந்தது. அங்கேதான் ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. அதே சத்திரத்திலிருந்து கைதிகளுக்கும் சாப்பாடு போகிறதாம், அங்கே நீங்கள் இருப்பது அழகல்ல என்று திரும்பத் திரும்ப வந்து சொன்னார். கைதி சாப்பிட்டால் எனக்கென்ன என்று இவனுக்குத் தோன்றியது. ஆனாலும் பெரியவர் மனம் கோணக்கூடாது என்று சிறையிலிருந்து வெகுதூரம் தள்ளி வீடு மாறினான். அங்கே தினமும் சேப்பந்தண்டு ரசம். தொண்டைக்குள் இறங்காது. அக்கறை காட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

இப்போது வாத்தியார் நுழைகிறார். ஃபுஜினோ கென்குரோ, உடற்கூறியல். கறுத்து மெலிந்த உருவம், மீசை, மூக்குக் கண்ணாடி. உடையில் அவருக்கு ஒரு துறவு மனப்பான்மை. சில நாள் டை கட்ட மறந்துவிட்டு வகுப்புக்கு வருவார். ஒரு குளிர்காலத்தில் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கியபடி ரயிலில் ஏறியவரைப் பார்த்து, பிக்பாக்கெட் என்று சந்தேகப்பட்ட ரயில்வே ஊழியர், ஜாக்கிரதையாக இருங்கள் என்று மற்ற பயணிகளை எச்சரித்தார் என்பது பள்ளியில் உலவிய கதை. இந்தப் பிக்பாக்கெட் ஒரு நாள் சீனப் பையனைக் கூப்பிட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ள முடிகிறதா என்று கேட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிவப்பு மை. விட்டுப்போனதை எழுதியிருந்தார், தப்பைத் திருத்தியிருந்தார், ஜப்பானிய இலக்கணத்தையும் சேர்த்துத் திருத்தியிருந்தார். வாராவாரம் இதே வேலை. எனக்கு வாய்த்த வாத்தியார்கள் என் நோட்டைத் தொட்டது என் முதுகில் அடிக்க மட்டும்தான் என்பதால், இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

பையன் எப்படிப்பட்டவன் என்பதற்கு இன்னொரு காட்சி. கையின் ரத்தக் குழாய்களை நோட்டில் வரைந்திருக்கிறான். வாத்தியார் பொறுமையாகச் சொல்கிறார்: இந்தக் குழாயை நீ இடம் மாற்றிவிட்டாய், இப்படி வரைந்தால் பார்க்க அழகுதான், ஆனால் உடற்கூறியல் படம் ஓவியம் இல்லையே, இருப்பது எப்படியோ அப்படித்தான் வரைய வேண்டும். பையன் தலையாட்டினான். மனசுக்குள் சொல்லிக்கொண்டது வேறு: என் படம்தான் நன்றாக இருக்கிறது, நிஜம் எப்படி என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதைப் பின்னாளில் அவனே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறான். ரத்தக்குழாயை அழகுக்காக நகர்த்துகிற ஆளிடம் நம் கையைக் கொடுக்காமல் தப்பித்தோம். 59.3 எங்கிருந்து வந்தது என்பதும் விளங்குகிறது.

அடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. முதலாண்டு முடிவு வந்ததும், மாணவர் சங்க நிர்வாகிகள் சிலர் வீடு தேடி வந்து நோட்டைக் காட்டு என்றார்கள். புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன சூட்டில் தபாலில் ஒரு கனத்த கடிதம். எடுத்த எடுப்பில் 'மனம் திருந்து' என்று வேதாகமத் தோரணை. விஷயம் என்னவென்றால், உடற்கூறியல் கேள்விகளை ஃபுஜினோ முன்கூட்டியே நோட்டில் குறிகாட்டிக் கொடுத்துவிட்டாராம். அதனால்தான் இவன் தேறினானாம்.

உடற்கூறியலாம்! ஏழு பாடத்தில் இவன் கோட்டைவிட்டது அந்த ஒன்றில். கேள்வித்தாளை வீட்டுக்கே வந்து கொடுத்தும் ஒருவன் 59.3 வாங்கினான் என்றால், குற்றச்சாட்டைவிட அவமானமான சாட்சியம் வேறு என்ன வேண்டும்? விஷயம் வாத்தியார் காதுக்குப் போனது, நண்பர்கள் சண்டை போட்டார்கள், கடைசியில் மொட்டைக் கடிதாசிக்காரர்களே வந்து கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிப்போனார்கள். இருந்தாலும் சுருக்கென்று தைத்தது நின்றுவிட்டது. சீனா பலவீனமான நாடு. பலவீனமான நாட்டுக்காரன் மந்தபுத்தியாகத்தான் இருந்தாக வேண்டும். அவன் தேறினால் அது அவன் திறமையாக இருக்க முடியாது என்ற கணக்கு. இருபது வருஷம் கழித்து எழுதும்போதும் அந்தக் கணக்கை அவன் மறக்கவில்லை. தன்னுடைய 59.3-ஐ மட்டும் மறந்துவிட்டான்.

இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல். கிருமிகளின் உருவத்தை ஸ்லைடு போட்டுத் திரையில் காட்டுவார்கள். பாடம் சீக்கிரம் முடிந்து மணி அடிக்க நேரம் இருந்தால், விளக்கை அணைத்தது அணைத்ததாகவே இருக்கட்டும் என்று இயற்கைக் காட்சி, நாட்டு நடப்பு ஸ்லைடுகளையும் ஓட்டுவார்கள். நம் ஊர் டாக்கீஸில் படத்துக்கு முன்னால் பல்பொடி ஸ்லைடு வருமே, அதுபோல. இங்கே பல்பொடிக்குப் பதில் போர். ரஷ்யாவை ஜப்பான் அடித்து முடித்திருந்த நேரம். சண்டை நடந்தது பெரும்பாலும் சீன மண்ணில். வீட்டுச் சொந்தக்காரனைக் கேட்காமல் இரண்டு பேர் கூடத்தில் நின்று மல்லுக்கட்டியது போல. திரையில் ஜப்பான் ஜெயிக்க ஜெயிக்க வகுப்பில் கைதட்டலும் 'பான்ஸாய்' கோஷமும். நம் பையனும் ஒப்புக்குத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் ஒரு ஸ்லைடில் சீனர்கள் வந்தார்கள். நடுவில் கைதி, ரஷ்யர்களுக்கு உளவு சொன்னவன் என்று ஜப்பான் ராணுவம் பிடித்தது, தண்டனை மரணம். சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம். அதுவும் சீனர்கள். வகுப்பே கைதியைப் பார்த்தது, ராணுவத்தைப் பார்த்தது. இவன் பார்த்தது வேடிக்கை பார்த்தவர்களை. வாட்டசாட்டமான உடம்பு, வெறிச்சோடிய முகம். கதாநாயகனையும் வில்லனையும் விட்டுவிட்டுத் துணை நடிகர்களுக்கு விமர்சனம் எழுதிய முதல் ரசிகன் இவனாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு எவ்வளவு திடமாக இருந்து என்ன, மனசு இப்படி மரத்துப்போனால் மருந்து கொடுத்து என்ன ஆகப்போகிறது, இலக்கியம்தான் வேண்டும் என்று முடிவு கட்டினான். ஒரே ஒரு ஸ்லைடு, நிற்கிற படம், ஓடக்கூட இல்லை. வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

இந்தக் கதையைச் சீனாவில் சந்தேகப்படுவது நம் ஊரில் தெய்வக் குற்றம் மாதிரி. ஆனால் ஆசாமியே நமக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். 1922-இல் எழுதிய முன்னுரையில் கைதியின் தலையை வெட்டப் போகிறார்கள் என்கிறார். 1926-இல் ஃபுஜினோவைப் பற்றி எழுதும்போது சுடப் போகிறார்கள் என்கிறார். நாலே வருஷத்தில் வாள் துப்பாக்கியாகிவிட்டது. படம் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் கதை சொல்கிறவன் எவன்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே கிளைமாக்ஸைச் சொல்லியிருக்கிறான்? 1965-இல் அந்தப் பள்ளியின் வாரிசான பல்கலைக்கழகத்தில், அந்தக் காலத்துப் போர் ஸ்லைடுகள் கிடைத்தன. இருபதில் பதினைந்து மிச்சம். ஆவலாக ஏந்திப் பார்த்தார்கள். அந்தக் காட்சி இல்லை. தொலைந்துபோன ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். அல்லது ரத்தக்குழாய் சமாசாரமாகவும் இருக்கலாம்: என் படம்தான் நன்றாக இருக்கிறது, நிஜம் எப்படி என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

1906-இல் விலகுவதைச் சொல்ல ஃபுஜினோவிடம் போனான். அவர் முகம் வாடியதைக் கண்டு, உயிரியல் படிக்கப் போகிறேன், நீங்கள் கற்றுத் தந்தது அதற்கு உதவும் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். நீதிநெறியில் 83. வாத்தியார் தன் புகைப்படத்தின் பின்னால் பிரிவைப் பற்றி இரண்டெழுத்து எழுதிக் கொடுத்தார். உன் படத்தையும் அனுப்பு, கடிதம் போடு என்றார். பையன் படமும் அனுப்பவில்லை, கடிதமும் போடவில்லை. ஆனால் அந்தப் புகைப்படத்தைப் பிற்பாடு பெய்ஜிங் வீட்டில் எழுதுகிற மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டி வைத்தான். ராத்திரி சோர்வு தட்டும்போது அந்த முகத்தைப் பார்ப்பான், ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பான், மறுபடி எழுதுவான். சிவப்பு மை நோட்டுகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன, சாமான் ஏற்றிப்போனவர்களைக் கேட்டும் பதிலே இல்லை என்று அங்கலாய்த்தும் எழுதினான். பாவம் அந்தச் சுமைவண்டிக்காரர்கள். ஆறு நோட்டுகளும் 1951-இல் ஷாவ்ஷிங்கிலேயே அகப்பட்டன. அங்கிருந்து அவை கிளம்பவே இல்லை போல. 1937-இல் ஃபுஜினோவும் தன் மாணவனை நினைத்து எழுதினார். எல்லாம் அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். புகைப்படம் கொடுத்தது மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

சொன்ன வாக்குப்படி இனி 'அவர்'.

படிப்பை விட்ட அதே கோடையில் ஊரிலிருந்து அம்மாவின் அவசர அழைப்பு. போனால் கல்யாண வீடு. பெண் ஜூ ஆன். பல வருஷத்துக்கு முன்பே பேசி முடித்தது. வெட்டி எறிந்த ஜடைக்குப் பதிலாகப் பொய் ஜடை ஒன்றை வைத்து மாப்பிள்ளைக் கோலம் கட்டினார்கள். தாய் சொல்லைத் தட்டாமல் சடங்கெல்லாம் முடித்துவிட்டு, சில நாளில் தம்பியையும் கூட்டிக்கொண்டு டோக்கியோவுக்கே திரும்பிவிட்டார். நாட்டு மக்களின் மனசைக் குணப்படுத்தப் புறப்பட்டவர் வீட்டில் ஒரு பெண்ணின் மனசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளைப் பற்றி நகைச்சுவையாக எழுத எதுவும் இல்லை.

டோக்கியோவில் உதவித்தொகை நின்றுவிடக்கூடாது என்று ஒரு ஜெர்மன் மொழிப் பள்ளியில் பெயரைக் கொடுத்து வைத்தார். பெயர் ஒழுங்காகப் படித்தது. ஆள் பழைய புத்தகக் கடைகளில் இருந்தார். ராத்திரி முழுக்கப் படிப்பு, சிகரெட். காலையில் கணப்புச் சட்டியில் சிகரெட் துண்டுகள் குளவிக்கூடு மாதிரி குத்தி நிற்கும் என்று தம்பி எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் சோம்பல் காட்டியதற்காக அண்ணனிடம் குட்டு வாங்கியதையும் அந்தத் தம்பிதான் எழுதியிருக்கிறார். தேசத்தின் ஆன்மாவை எழுப்ப 'புது வாழ்வு' என்று பத்திரிகை ஆரம்பித்தார்கள். முதலில் எழுதுகிறவர்கள் காணாமல் போனார்கள், அடுத்துப் பணம் போட்டவர் காணாமல் போனார். பைசா இல்லாமல் மூன்று பேர் மிஞ்சினார்கள். முதல் இதழுக்கு முன்பே பத்திரிகை செத்தது. 1909-இல் அண்ணன் தம்பி இருவரும் அயல்நாட்டுக் கதைகளை மொழிபெயர்த்து இரண்டு தொகுதி போட்டார்கள். முதல் தொகுதி 1,000 பிரதி, இரண்டாவது 500. டோக்கியோவில் விற்றது முதலாவதில் 21, இரண்டாவதில் 20. அந்த உபரி ஒரு பிரதிக்குக் காரணம் கேளுங்கள். கடைக்காரர் விலையைக் கூட்டி விற்கிறாரோ என்று பரிசோதிக்க ஒரு நண்பர் போய் ஒன்றை வாங்கினார். சரியான விலைதான் என்று தெரிந்ததும் நிம்மதியாகி, இரண்டாம் தொகுதிக்குப் பரிசோதனை தேவைப்படவில்லை. மிச்சப் பிரதிகள் ஷாங்காய்க் கிடங்கில் சில வருஷம் தூங்கி, ஒரு தீ விபத்தில் மோட்சம் அடைந்தன.

ஸ்லைடால் வாழ்க்கை மாறியவர் அதன்பிறகு திரைப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார் என்று நினைப்போம். கடைசி ஒன்பது வருஷம் ஷாங்காயில் இருந்தபோது அவருக்கு இருந்த ஒரே ஊதாரித்தனம், காரில் ஏறிச் சினிமாவுக்குப் போவது. கூடவே வாழ்ந்த ஷூ குவாங்பிங் எழுதியிருக்கிறார்: போனால் மாடியில் உசத்தியான டிக்கெட்தான். கிட்டப்பார்வை ஒரு காரணம்; சந்தோஷமாக இருக்கப் போகிற இடத்தில் சங்கடப்படுவானேன் என்பது மறு காரணம். 1933-இல் இவர் எழுதிய கட்டுரை ஒன்றில் வேறு காட்சி: மாடியில் வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும், கீழே நடுத்தர, கடைநிலைச் சீனர்கள், திரையில் வெள்ளைச் சிப்பாய் சண்டை போடுகிறான், வெள்ளைத் துரை சம்பாதிக்கிறான், வெள்ளைத் துரைசாணி கல்யாணம் செய்துகொள்கிறாள், பார்க்கிறவர்கள் வியந்து, ஏங்கி, பயந்து, இதெல்லாம் நம்மால் ஆகாது என்று நினைக்கிறார்கள் என்று கடைநிலைச் சீனராக நின்று வெளுத்து வாங்குகிறார். மாடியிலிருந்து கீழே பார்த்தால் கூட்டம் நன்றாகத் தெரியும் என்பது வாஸ்தவம்தான்.

அப்படி எழுதியவருக்குப் பிடித்த படங்கள் எவை என்று கேட்டால், காடு, மிருகம், சாகசம். டார்ஜான் படம் வந்தால் குடும்பத்தோடு ஆஜர். நான் போக முடியாத இடங்களை உட்கார்ந்த இடத்தில் பார்க்கிறேன் என்று அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். பிடிக்காத படத்துக்கு நாட்குறிப்பில் ஒரு சொல்லில் தீர்ப்பு: மோசம். மனசை உலுக்கும் மார்க்சிய விமர்சனம் எல்லாம் பத்திரிகைக்கு. டைரிக்கு 'மோசம்' போதும்.

1936 அக்டோபர் 10. நுரையீரல் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்த நேரம். ஷூ குவாங்பிங்கையும் மகனையும் கூட்டிக்கொண்டு, புஷ்கின் கதையை வைத்து சோவியத்தில் எடுத்த 'துப்ரோவ்ஸ்கி'க்குப் போனார். சீனத்தில் அதற்குப் 'பழிவாங்கலும் காதலும்' என்கிற பாணியில் ஒரு தலைப்பு ஒட்டியிருந்தார்கள்; தணிக்கைக்காரர்கள் கைவரிசை என்று கேள்வி. வீட்டுக்கு வந்ததும் நண்பர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றியோ ஆன்மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. படம் நன்றாக இருக்கிறது, தவறவிடாமல் சீக்கிரம் போய்ப் பாருங்கள் என்று மட்டும் எழுதினார். ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார்.